வில்லோ கூடைப்பெட்டிக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கீல் போட்டால் என்ன?

கடற்காற்று
3 ஜூன் 2024, இரவு 9.40

ஊட்டியில் பழைய சாமான் கடை ஒன்றில் வில்லோ மரக் குச்சியில் பின்னிய, மூடியோடு கூடிய பெரிய கூடைப்பெட்டி வாங்கினேன். வெள்ளைக்காரர்கள் பிக்னிக் போகும்போது தூக்கிப்போன ஹாம்பர் வகை. பின்னல் கிண்ணென்று இருக்கிறது. பின்பக்கம் மூடியைப் பிடித்திருந்த தோல் வார் இரண்டும் தொட்டால் பொடிகிறது. முன்னால் மூன்று கொண்டியில் ஒன்றைக் காணோம். எங்கள் தெரு ஹார்டுவேர் கடைக்காரர், "நாலு எஸ்.எஸ். கீல் வச்சு ஸ்க்ரூ அடிச்சா உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்" என்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அந்தக் காலத்தில் நல்ல கீல் கிடைக்காததால் தோல் போட்டிருப்பார்கள். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள். வீடு திருவான்மியூர், கடலுக்கு ரொம்பப் பக்கம்.

விளார்
3 ஜூன், இரவு 11.15

ஸ்க்ரூ மட்டும் அடிச்சுடாதீங்க. காரணம் காலையில எழுதறேன்.

விளார்
4 ஜூன், காலை 6.50

வில்லோ குச்சியைக் குறுக்கே நறுக்கிப் பாருங்க. நடுவுல நெட்டி, அதைச் சுத்தி மெல்லிசா மரம். பென்சில் கனம்கூட இல்லாத அந்தக் குச்சியில ஸ்க்ரூ ஏறினா ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, குச்சி நீளவாட்டுல பிளக்கும். இல்லாட்டி ஸ்க்ரூ நெட்டிக்குள்ள போய்ப் பிடிமானமில்லாம சுத்தும். பிளந்தது அன்னைக்கே தெரியாது. மூடியைக் கொஞ்ச நாள் திறந்து மூடின பிறகுதான் கீலோட சேர்ந்து நாலு குச்சி கையோட வரும்.

இது சின்னக் காரணம். பெரிய காரணம், கூடை அசையற பொருள். தூக்கினா கோணும், கீழ வச்சா நிமிரும். மழைக்காலத்துல குச்சி ஈரம் குடிச்சுப் பருக்கும், கோடையில இளைக்கும். மரம் நீளவாட்டுல அவ்வளவா மாறாது, குறுக்குவாட்டுலதான் மாறும். கூடையோட சுவர் குறுக்குக் குச்சிகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினது. அதனால சுவரோட இறுக்கமே பருவத்துக்குப் பருவம் மாறும். கீலுக்கு அந்தப் பேச்செல்லாம் தெரியாது. நாலு கீல் வேலை செய்யணும்னா நாலும் ஒரே நேர்கோட்டுல நிக்கணும். உங்க கூடை விளிம்புல ஒரு ஸ்கேலை வச்சுப் பாருங்க, நேர்கோடுன்னு ஒண்ணு அங்க இருக்கவே இருக்காது. நேரில்லாத விளிம்புல நாலு கீலை முறுக்கிப் பூட்டினா, மூடியைத் திறக்கற ஒவ்வொரு தடவையும் கீல் கூடையை இழுக்கும். ரெண்டுல எது தோற்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியில உலோகம் இருக்கலாம், ஆனா தொளதொளன்னு இருக்கணும். என் வாதம் மொத்தமும் இவ்வளவுதான். மத்ததெல்லாம் இதோட கிளைகள்.

விளார்
4 ஜூன், காலை 7.05

"நல்ல கீல் கிடைக்காத காலம்"னு சொன்னதை விட்டுட்டேன். இந்த ஹாம்பர்கள் இங்கிலாந்துல பெருவாரியா முடையப்பட்ட 19ஆம் நூற்றாண்டுல பர்மிங்ஹாம் பட்டறைகள் கீலும் கொக்கியும் பொத்தானும் மலைமலையா செஞ்சு உலகம் பூரா அனுப்பிட்டு இருந்தது. கீலுக்குப் பஞ்சமே இல்லை. கூடை முடையறவங்க கைக்கெட்டற தூரத்துல கீலை வச்சுக்கிட்டே அதை வேண்டாம்னு ஒதுக்கினாங்க. தோல் வார், இல்லேன்னா வில்லோ விளாரையே முறுக்கி வளையமா மாட்டறது, இந்த ரெண்டுதான் பின்பக்கத்துக்கு.

சலவைக்கூடம், நாடகக் கம்பெனி மாதிரி முரட்டு உபயோகத்துக்கான பெரிய கூடைகள்ல முன்பக்கம் நீள இரும்புக் கம்பி வரும். மூடியில இருந்து தொங்கற கொண்டிகள் உடம்புல இருக்கற நாதாங்கி வளையங்கள் மேல விழும். எல்லா வளையத்துக்கும் குறுக்கே ஒரே கம்பியைச் செருகி, முனையில பூட்டுப் போடுவாங்க. அந்தக் கம்பி எதுலயும் ஆணி அடிச்சு நிக்கலை. வளையத்துக்குள்ள சும்மா கிடக்கும். கூடை எவ்வளவு கோணினாலும் கம்பிக்குக் கவலையில்லை.

கடற்காற்று
4 ஜூன், மதியம் 1.20

சரி, ஸ்க்ரூ வேண்டாம். போல்ட், நட்டு? துளை போடாமல் குச்சிகளுக்கு இடையில் விட்டால்?

விளார்
4 ஜூன், இரவு 8.30

அது பரவாயில்லை. ஆனா எங்கே பிடிக்கறீங்கங்கறதுதான் கேள்வி. விளிம்புக்குக் கீழ ஒரு பட்டை தெரியும், மூணு விளாரைச் சேர்த்து முறுக்கிப் பின்னின வரிசை. கூடையிலேயே பலமான இடம் அதுதான். நாதாங்கியோட ரெண்டு காலும் ஒரு நிமிர்ந்த குச்சியை அணைச்ச மாதிரி, அந்தப் பட்டைக்குக் கீழ நுழையணும். உள்பக்கம் ஒரு தகடோ வாஷரோ கொடுத்துக் காலை மடக்கணும். அப்பதான் இழுப்பு ஒத்தைக் குச்சி மேல விழாம பட்டை முழுக்கப் பரவும். சாதாரணப் பின்னல் நடுவுல மாட்டினா, இழுக்க இழுக்க அந்த இடத்துல பின்னல் கண் விட்டுடும்.

நட்டை முறுக்கித் தள்ளாதீங்க. விரலால ஆட்டினா ஆடணும். கடைக்காரங்க இதைக் கேட்டா சிரிப்பாங்க. எங்க ஊர்ல ஒரு பட்டறையில நான் சொல்லச் சொல்ல இன்னும் ரெண்டு சுத்து முறுக்கிக் கொடுத்து, "இப்ப பாருங்க சார், ஆடவே ஆடாது"ன்னாரு. வீட்டுக்கு வந்து தளர்த்தினேன்.

பழையபேட்டை
5 ஜூன், காலை 10.02

வில்லோ வில்லோ என்கிறீர்கள், பார்த்தால் நம் பிரம்புதானே?

விளார்
5 ஜூன், காலை 10.40

இல்லைங்க. பிரம்பு பனை இனத்துல கொடியா ஏறுறது. வில்லோ மரம். கூடைக்கு வளர்க்கற வகையை வருஷா வருஷம் தரையோட வெட்டுவாங்க, அதுல துளிர்த்து ஆளுயரத்துக்கு மேல நிமிர்ற விளார்தான் கூடைக்குப் போகும். இங்கிலாந்துல சாமர்செட் பக்கம் சதுப்பு நிலத்துல இன்னும் பயிர் பண்றாங்க. கிரிக்கெட் மட்டையும் வில்லோதான், ஆனா அது வேற இனம்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு குச்சியை அடியிலிருந்து நுனிவரைக்கும் விரல்ல உருட்டிக்கிட்டே போங்க. பிரம்பு கிட்டத்தட்ட ஒரே கனமா ஓடும். வில்லோ நுனியை நோக்கி இளைச்சுக்கிட்டே போகும், துளிர் இருந்த இடத்துல சின்னச் சின்ன முண்டு தட்டும். வில்லோ கூடை முடையறவர் அடிக்கனமும் நுனிக்கனமும் மாறி மாறி வர்ற மாதிரி கோர்க்கணும். பிரம்புல அந்தத் தலைவலி இல்லை.

பிரம்பு வேலை பார்க்கணும்னா கொள்ளிடம் பக்கம் தைக்கால் போங்க. சாலை ஓரம் பூரா நாற்காலி, ஊஞ்சல், கூடை. பிரம்பு அஸ்ஸாம், அந்தமான் பக்கத்துல இருந்து வருது. இந்தோனேசியா 2012லிருந்து கச்சாப் பிரம்பு ஏற்றுமதியை நிறுத்தினதுக்கு அப்புறம் உலகச் சந்தையிலேயே பிரம்பு பெரிய விஷயமாயிடுச்சு. தைக்கால்ல மூட்டுல ஆணி அடிச்சு, அதுக்கு மேல பிரம்பு நாரைச் சுத்தி மறைப்பாங்க. நாற்காலிக்கு அது சரி, அங்க பிரம்பு கட்டைவிரல் கனத்துக்கு இருக்கு. கூடைக்கு அதே வித்தையைக் காட்டினா பலிக்காது.

விளார்
5 ஜூன், இரவு 9.15

கடற்காற்று, உங்க பெட்டி என்ன நிறம்? வெள்ளையா, செம்பழுப்பா?

கடற்காற்று
5 ஜூன், இரவு 9.50

செம்பழுப்பு. பழைய தேக்கு நிறம்.

விளார்
6 ஜூன், காலை 6.30

அப்ப இரும்பு விஷயத்துல நீங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்.

வில்லோவைத் தயார் பண்ண மூணு வழி. மரப்பட்டையோட அப்படியே காயவச்சா ஒண்ணு. வசந்தத்துல சாறு ஏறும்போது பட்டையை உரிச்சா வெள்ளை. பட்டையோட மணிக்கணக்கா வேகவச்சு, பிறகு உரிச்சா உங்களோட செம்பழுப்பு. அந்த நிறம் சாயம் இல்லை, பட்டையில இருக்கற துவர்ப்பு மரத்துக்குள்ள இறங்கினது. டானின்.

டானினும் இரும்பும் ஈரத்துல சேர்ந்தா கறுப்பு. நம்ம ஆளுங்களுக்கு இது புதுசில்லை. கலம்காரிக்காரங்க துணியைக் கடுக்காய்ல ஊறவச்சு, இரும்புத்துண்டும் வெல்லமும் போட்டுப் புளிக்கவச்ச தண்ணியால கோடு இழுப்பாங்க, தொட்ட இடம் கறுக்கும். கறுப்பு மை காய்ச்சறதும் இதே கணக்குதான். உங்க பெட்டியில இரும்பு ஆணி அடிச்சு ஒரு மழைக்காலம் போனா, ஆணியைச் சுத்திக் கலம்காரி இலவசம். துருவைத் தேய்ச்சு எடுத்துடலாம், இந்தக் கறுப்பு மரத்துக்குள்ள போயிடும்.

அதனால செம்பு, பித்தளை, இல்லேன்னா துத்தநாகம் பூசினது. எஸ்.எஸ். கறுக்க வைக்காது, ஆனா திருவான்மியூர் காத்துக்கு சாதாரண 304 ரக எஸ்.எஸ்.ல பழுப்புப் புள்ளி விழும். 316 ரகம் கேளுங்க. கடையில "எல்லாம் ஒண்ணுதான்"னு சொன்னா வேற கடைக்குப் போங்க.

விளார்
6 ஜூன், காலை 6.42

பித்தளைன்னு சொன்னதும் உடனே ஆன்லைன்ல வாங்கிடாதீங்க. வந்ததும் காந்தத்தை வச்சுப் பாருங்க. ஒட்டினா இரும்பு மேல பித்தளை முலாம். இப்ப வர்ற ஹாம்பர் சாமான் நிறைய இப்படித்தான். மடக்கற இடத்துல முலாம் விரிசல் விட்டுத் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

உங்க பெட்டியில மிச்சம் இருக்கற ரெண்டு கொண்டிக்கும் காந்தம் வைங்க.

கடற்காற்று
6 ஜூன், மாலை 5.10

ஒட்டவில்லை! நிஜப் பித்தளை. ஆனால் பச்சை பூத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

விளார்
6 ஜூன், மாலை 6.00

குத்துவிளக்குக்குப் புளி போடுங்க. கூடையில மாட்டியிருக்கற பித்தளைக்கு வேண்டாம். புளித்தண்ணி வழிஞ்சு பின்னலுக்குள்ள போகும், அதைக் கழுவி எடுக்கவே முடியாது. புளியோட சேர்ந்து பித்தளையில இருந்து கரைஞ்சதும் போய்க் கறையாகும். கழட்ட முடிஞ்சா கழட்டித் தேயுங்க. முடியலைன்னா உலர்ந்த துணி, பழைய டூத் பிரஷ், பொறுமை.

கடையில விக்கற திரவ பாலிஷ்ல பலதுல அம்மோனியா இருக்கும், அதுவும் வேண்டாம். காரணம் ராத்திரி எழுதறேன். நல்ல கதை.

விளார்
6 ஜூன், இரவு 10.25

கதை இதுதான். வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுல ராணுவத்துத் தோட்டாக்களைக் குதிரை லாயத்துல அடுக்கி வைப்பாங்க. மழைக்காலம் முடிஞ்சு எடுத்துப் பார்த்தா, யாரும் தொடாமலேயே தோட்டாவோட பித்தளைக் கூடு பிளந்திருக்கும். ஒவ்வொரு மழைக்கும் இதே கூத்து. பருவத்துக்குப் பருவம் வந்ததால ஆங்கிலத்துல அதுக்குப் பருவ விரிசல்ங்கற அர்த்தத்துலதான் பேரே வச்சாங்க. 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் காரணத்தை விளக்கினாங்க. குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியா, மழைக்கால ஈரம், இதோட பித்தளையை அழுத்தி இழுத்து உருவாக்கும்போது உள்ளேயே தங்கிப்போன இறுக்கம். மூணும் சேர்ந்தா பித்தளை விரிசல் விடும். உருவாக்கின பிறகு மிதமா சூடு காட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்திட்டா பிளக்கறதில்லை.

தகட்டை அச்சுல அழுத்தி மடக்கின கொண்டியும் அதே ஜாதிதான். மடிப்புல இறுக்கம் உட்கார்ந்திருக்கு. காணாமப்போன உங்க மூணாவது கொண்டி திருடு போகலை, மடிப்புல பிளந்து விழுந்திருக்கும்னு என் சந்தேகம். அந்த இடத்துல பாதித்துண்டு ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாருங்க.

மிச்சர்
6 ஜூன், இரவு 11.02

அப்போ கோழிப் பஞ்சாரத்துக்குப் பித்தளைக் கீல் போடக்கூடாதுன்னு சொல்றீங்க.

விளார்
6 ஜூன், இரவு 11.10

போடவே கூடாது. கோழி எச்சத்துல வர்ற அம்மோனியாவுக்குக் குதிரை பிச்சை வாங்கணும். பஞ்சாரத்துக்குக் கீல் வச்சா கோழியும் சிரிக்கும்.

ஆனா நீங்க கிண்டலுக்குக் கேட்டதுல ஒரு விஷயம் இருக்கு. நம்ம பக்கத்துக் கூடை எதுலயும் கீலே கிடையாது. பஞ்சாரம் கவிழ்த்தா மூடி, தூக்கினா திறப்பு. செட்டிநாட்டுக் கொட்டானா இருந்தாலும் தென்பாண்டிச் சீமையோட ஓலைப்பெட்டியா இருந்தாலும் மூடி தனி, உடம்பு மேல கவிழ்ந்து உரசிப் பிடிச்சுக்கும். மூடி பிரிஞ்சே இருந்தா பிளக்கறதுக்கு மூட்டே இல்லையே. சரக்கை வண்டியில போட்டுக் குலுக்கிக் கொண்டுபோறதுன்னு வந்தாத்தான் மூடியைக் கட்டணும். அதுக்கும் நம்மாளு மேல ஒரு கயிறு சுத்தினான், வெள்ளைக்காரன் வார் வச்சான்.

இப்ப மீன்கூடை, கட்டட வேலைக் கூடையெல்லாம் விளிம்புல கட்டுக்கம்பி சுத்தி வருது. அதுவும் சுத்தினதுதான், அடிச்சதில்லை. அறுந்தா வேற கம்பி சுத்திக்கலாம்.

விளார்
8 ஜூன், காலை 11.30

சனிக்கிழமை. வேலை இல்லை. எழுதறேன்.

பொள்ளாச்சியில 2015லிருந்து பொங்கல் சமயத்துல வெப்பக்காத்துப் பலூன் திருவிழா நடக்குது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துட்டு இருக்க, நான் குனிஞ்சு கூடையோட அடியைப் பார்த்துட்டு இருந்தேன். கூட வந்தவங்க மானம் போச்சுன்னாங்க. அந்தக் கூடைகள் இன்னமும் பிரம்பும் வில்லோவும் சேர்த்து முடையறதுதான். தரையில மோதும்போது கூடை நெளிஞ்சு அதிர்ச்சியை வாங்கிக்கும், அலுமினியப் பெட்டின்னா அதிர்ச்சி நேரா உங்க முழங்காலுக்கு வரும்.

எனக்குப் பிடிச்சது அதோட எஃகுக் கம்பிவடம். மேலே இருந்து வந்து, பின்னலுக்குள்ள இறங்கி, தரைக்கு அடியில ஓடி, எதிர்ப்பக்கமா மேலே ஏறுது. ஆளுங்க எடையைத் தாங்கறது அந்த வடம். பின்னல் ஆளை விழாம பிடிச்சுக்குது, இடிபட்டா நெளியுது. கூடைக்கு உலோகம் செய்ய வேண்டிய வேலை இதுதான். அடியில போய் ஏந்தணும், பக்கவாட்டுல கவ்வி இழுக்கக் கூடாது.

(1783 செப்டம்பர்ல வெர்சாய்ல்ஸ்ல மான்கோல்ஃபியே சகோதரர்கள் பலூன்ல முதல்ல ஏத்தினது ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். மூணும் கூடைக்கூண்டுலதான் போச்சு, உயிரோட இறங்குச்சு. மிச்சர், இது உங்க பஞ்சாரத்துக்கு.)

விளார்
8 ஜூன், மாலை 4.05

மேலே எழுதினதை உங்க பெட்டிக்கு இறக்கினா: கைப்பிடி பக்கவாட்டுல இருக்கா? இருந்தா பெட்டியை நிரப்பிட்டு அதைப் பிடிச்சுத் தூக்காதீங்க. ரெண்டு நீளத் தோல் வாரை அடியில இருந்து சுத்தி மேலே கொண்டுவந்து பக்கிள் போடுங்க. எடை வார்ல விழும். மூடியையும் அதுவே அமுக்கிப் பிடிச்சுக்கும். காணாமப்போன மூணாவது கொண்டியே தேவையில்லாம போனாலும் போகும்.

கடற்காற்று
9 ஜூன், காலை 8.15

நீங்கள் சொன்னது சரி. பாதித்துண்டு உள்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, மடிப்பில்தான் பிளந்திருக்கிறது. தோல் எங்கே வாங்குவது? என்ன தோல்?

விளார்
9 ஜூன், காலை 9.00

பெரியமேடு போனா கிடைக்கும். மரப்பட்டையில பதனிட்ட மாட்டுத்தோல் கேளுங்க, மூணு மில்லிமீட்டர் கனம். ஒரு காலத்துல நம்ம பக்கம் ஆவாரம் பட்டையிலதான் பதனிடுவாங்க, ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) லெதர்னு உலகச் சந்தையில பேரே இருந்தது. குரோம்ல பதனிட்டது மெத்துமெத்துன்னு இருக்கும், இழுத்தா நீளும். வாருக்கு உதவாது.

பட்டைத்தோல்லயும் டானின் இருக்கு. அதுலயும் இரும்பு ரிவெட் அடிச்சா கறுப்புதான். செம்பு ரிவெட், செம்பு வாஷர்.

விளார்
9 ஜூன், இரவு 9.20

தோல் பத்தி மறுயோசனை. நான் இருக்கறது கோயம்புத்தூர், இங்க தோல் வருஷக்கணக்குல நிக்குது. திருவான்மியூர்ல ஐப்பசி கார்த்திகையில அலமாரிக்குள்ள இருக்கற பெல்ட்டே பூஞ்சை பிடிக்கும். சுத்தற வார் தோலாவே இருக்கட்டும், அதைக் கழட்டித் துடைக்கலாம். பின்பக்க மூட்டுக்குத் தோல் வேண்டாம், பின்னலுக்குள்ள நுழைஞ்ச பகுதி காயவே காயாது. அங்க மெழுகு தேய்ச்ச தடி சணல் கயிறை எட்டு வடிவத்துல சுத்திக் கட்டுங்க, மூணு இடத்துல. பழைய வில்லோ வளையம் செய்யற வேலையைத்தான் இதுவும் செய்யும். அறுந்தா பத்து ரூபாய்க் கயிறு.

மூட்டுதான் முதல்ல அறுந்து போகணும். விளிம்புக் குச்சி போனா அதை மாத்த உங்களால ஆகாது, என்னாலயும் லேசுல ஆகாது.

பழையபேட்டை
10 ஜூன், காலை 7.44

வார்னிஷ் அடித்துவிட்டால் ஈரமே இறங்காதே? இவ்வளவு பாடு எதற்கு?

விளார்
10 ஜூன், காலை 8.10

பின்னல்ல எல்லா மூலையிலும் வார்னிஷ் போகாது. போகாத இடத்துல ஈரம் இறங்கும், போன இடத்துல வெளியே வராம நிக்கும். கூடை நெளியும்போது வார்னிஷ் செதில் செதிலா உதிரும். வருஷத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணில கழுவி நிழல்ல காயவைங்க, அது போதும். வில்லோவுக்கு ரொம்பக் காய்ஞ்சு போறதும் ஆகாது. ஏசி அறையில அலமாரி மேல வச்சா மொறுமொறுன்னு ஆயிடும். ஆளிவிதை எண்ணெய் தடவறவங்க தடவலாம், ஆனா துடைச்ச துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில போடாதீங்க. அது தானா சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப்போட்டுட்டுத்தான் எறியணும்.

கடற்காற்று
15 ஜூன், இரவு 8.00

கயிறு கட்டியாயிற்று, மூடி திறந்து மூடுகிறது. கொண்டி மட்டும் பாக்கி. அதே மாதிரி பித்தளைக் கொண்டி எங்கும் இல்லை.

விளார்
15 ஜூன், இரவு 8.45

அதே மாதிரி தேடாதீங்க. மீதி ரெண்டும் அதே வயசு, அதே மடிப்பு, எப்ப வேணா போகலாம். சலவைக்கூடை வழிக்குப் போங்க. மூணு இடத்துலயும் செம்புக் கம்பியில வளையம் செஞ்சு மாட்டுங்க. கம்பியை முதல்ல அடுப்புல சிவக்கக் காட்டித் தண்ணில போடுங்க. செம்பு இரும்பு மாதிரி கெட்டியாகாது, இளகும். கையாலேயே வளைச்சுடலாம். குறுக்கே ஒரு பித்தளைக் கம்பி. ஒரு முனையை வளையமா மடக்குங்க, மறுமுனையில பூட்டுக்குத் துளை. கம்பியைக் கூடை அகலத்துக்குச் சரியா வெட்டிடாதீங்க. ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் நீட்டிக்கிட்டு இருக்கட்டும், மழைக்காலத்துல கூடை கோணும்போது அது தேவைப்படும்.